கொக்கி மூன்றும் பூட்டியபடியே

என் பெயரும் தந்தை பெயரும் முதல் விசாரணைப் பதிவில் உள்ளபடியே. வயது நாற்பத்து மூன்று. பயிற்சிக் காற்றுக்கூடத்தின் மாடியறையில் தனியாகக் குடியிருக்கிறேன். விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொடுப்பது தொழில். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒன்பது நாட்களாகக் காணாமல் இருக்கும் என் மாணவரைப் பற்றியும் அதில் என் தவறு என்ன என்பது பற்றியும் நானாகவே வந்து சொல்கிறேன். யாரும் மிரட்டவில்லை. மிரட்டினால் சொல்கிற ஆளும் நான் இல்லை.

காணாமல் போனவரை பீரோ என்று கூப்பிடுவோம். வயது முப்பத்தைந்து. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கும் வேலை. தனியாளாகப் பீரோவை முதுகில் ஏற்றி மூன்று மாடி ஏறுவார், அதனால் வந்த பெயர். அவர் மனைவி தையல்காரர், எங்கள் குதிப்பு உடைகளை அவர்தான் தைக்கிறார். என்னை அண்ணன் என்பார்.

சாதாரணக் குதிப்புகள் முப்பதை முடித்துவிட்டு, ஒன்றரை வருடத்துக்கு முன் பீரோ என்னிடம் ஃப்ரீஃப்ளை கற்க வந்தார். குப்புற விழாமல் உட்கார்ந்தும் நின்றும் தலைகீழாகவும் விழுவதுதான் அது. முதலில் காற்றுக்கூடத்தில் பழக்குவோம். அது கண்ணாடிச் சுவர் வைத்த வட்டமான அறை, கீழிருந்து காற்று ஆளைத் தூக்கும். ஒரு முறைக்கு இரண்டு நிமிடம். விளக்கு மினுக்கியதும் பக்கவாட்டில் மிதந்துபோய்க் கதவின் விளிம்பைப் பிடிக்க வேண்டும், வெளியே நிற்பவர் கை கொடுப்பார்.

பீரோவின் பலமெல்லாம் அங்கே தண்டம். தோள் இறுகிய ஆளுக்குக் கை பின்னால் போகாது. தலைகீழாக நிற்கையில் கை முன்னால் வந்துவிடும், காற்று ஆளைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் அறையும். அவரோ காற்றோடு மல்லுக்கட்டினார். சதைக் கனத்தால் வானத்தில் மற்றவர்களைவிட வேகமாக விழுவார் என்பதால் மனைவி உடையை இரண்டு முறை பிரித்து அகலமாகத் தைத்தார், அவரோடு சேர்ந்து விழ நான் இடுப்பில் ஈயக்கட்டி கட்டத் தயாரானேன். அதே சமயம் பயிற்சிக்கு வந்த ஒரு வங்கி ஊழியர் ஒல்லி, ரப்பர் உடம்பு, ஆறே வாரத்தில் தலைகீழாக நின்றுவிட்டார். "என்ன மாஸ்டர், இங்கயும் நான் சாமான் தூக்கத்தான் லாயக்கா?" என்று பீரோ சிரித்தார். ஆனாலும் தினமும் வேலை முடிந்து வந்து, சுவரில் கையை ஊன்றி ஒரு மணி நேரம் தோளைத் தளர்த்துவார். அதனால்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

பதினோராவது மாதம் ஒருநாள் அது அவருக்கு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் தலைகீழாக நின்றார். அதன் பிறகு அவருக்கு விளக்கு தேவைப்படவில்லை, கண் மூடியபடியே கதவுக்குப் போவார். ஒருமுறை வெளியே வந்து, தனக்குக் கை கொடுத்தது யார் என்று கேட்டார். நான் அறைக்கு மறுபக்கம் இருந்தேன். கூடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

சம்பவத்தன்று காலை ஏழரை மணிக்கு வானத்தில் அவருடைய முதல் ஃப்ரீஃப்ளை. இதற்கான பையில் பாராசூட் குடையின் கைப்பிடி முதுகின் கீழ்ப்பக்கம் இருக்கும். உடையும் பையும் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வலது கையைப் பின்னால் விட்டு அதைப் பத்து முறை தொட்டால்தான் நான் சோதனைத் தாளில் கையெழுத்திடலாம். பீரோவின் விரல் இரண்டு விரற்கடை எட்டவில்லை. உடம்பைச் சாய்த்து நாலு முறை தொட்டார். மற்றவர்கள் விமானத்தில் ஏறிக் காத்திருந்தார்கள். நான் பத்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முதல் விசாரணையில் இதை மறைத்தேன்.

அதன் பிறகு பதின்மூவாயிரம் அடியில் குதித்தோம். எனக்கு எதிரே தலைகீழாக, அவ்வளவு அழகாக விழுந்தார். ஐயாயிரத்து ஐந்நூறில் சைகை காட்டினேன். நிமிர்ந்து, கையைப் பின்னால் விட்டார். எட்டவில்லை. மீண்டும் இரண்டு முறை விட்டார். அதற்குப் பிறகு மார்பில் உள்ள அவசரக் குடையின் பிடியை இழுப்பதுதான் முறை. அவர் கை மார்புக்குப் போகவில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், முகம் தெளிந்தது. காற்றுக்கூடத்தில் கதவுக்குப் போவதுபோலப் பக்கவாட்டில் மிதந்துபோய் இடது கையை நீட்டினார். விரல்கள் மடங்கின. முழங்கைக்கு மேல் சதை புடைத்ததைக் கண்ணால் பார்த்தேன். வெறுங்காற்றைப் பிடித்தால் அப்படிப் புடைக்காது. கத்தினேன், அங்கே கத்துவது யாருக்கும் கேட்காது.

நான் குடையை விரிக்க வேண்டிய உயரம் வந்துவிட்டதால் விரித்தேன். அவருடைய அவசரக் குடை, தாழ்ந்த உயரத்தில் அதைத் தானே விரிக்கும் கருவியின் தயவில் விரிந்து, கிடங்குகளுக்குப் பின்னால் இறங்கியது. நான் தரையிறங்கிய நாலு நிமிடத்தில் அங்கே ஓடிப் போனேன். குடை கிடந்தது, பை கிடந்தது, பட்டைக் கொக்கி மூன்றும் பூட்டியிருந்தன, ஆள் இல்லை. பட்டைகளின் உட்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. நழுவி விழுந்திருக்கலாமா என்று தாங்கள் கேட்டதற்கு: மார்புப் பட்டையைக் கடைசி வரை தளர்த்தினாலும் அவருக்கு மூச்சு முட்டும். அந்த ரப்பர் உடம்புக்காரரால்கூட முடியாது. ஒன்பது நாள் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. என் தலைக்கவசக் கேமராவை ஒப்படைத்துவிட்டேன். நான் சொன்னதுதான் அதிலும் இருக்கிறது.

மூன்றாம் நாள் அவர் மனைவி காற்றுக்கூடத்துக்கு வந்து, காற்றைப் போடச் சொன்னார். "கதவைப் பிடிச்சுட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணே. வெளிய யாராச்சும் கை குடுக்க வேணாமா?" என்றார். என்னால் மறுக்க முடியவில்லை. தினமும் காலையில் வெற்று அறையில் இரண்டு நிமிடம் காற்றைப் போட்டேன், அவர் கதவருகே நின்று உள்ளே கையை நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்று காலை நான் நிறுத்தப் போனபோது, "பொறுங்கண்ணே, நிறுத்திடாதீங்க" என்று மெல்லச் சொன்னார். அவர் தோள் கதவை நோக்கி இழுபட்டிருந்தது. நான் உள்ளே பார்க்கவில்லை. பயந்துவிட்டேன். காற்றை ஓடவிட்டுவிட்டு நேராக இங்கே வந்தேன்.

பீரோவின் விரல் எட்டவில்லை என்பது அவர் மனைவிக்குத் தெரியாது. நான் கையெழுத்திட்டதும் தெரியாது. அதைச் சொல்லாமல் அந்தக் காற்றை நிறுத்த எனக்கு உரிமை இல்லை. தாளின் நகலை எனக்குத் தந்தால் இப்போதே போய் அவரிடம் காட்டிவிடுகிறேன். என்னோடு ஒரு காவலரை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன், தனியாகப் போக முடியவில்லை.

மேலே உள்ளது நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எல்லாம் உண்மை, இதில் கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை.

(ஒப்பம்)