பிடித்த கை

இரவு ஒன்பதரை இருக்கும். ஊரை விட்டுத் தள்ளி, விதை ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் கம்பிவேலி... நடுவில் ஒரு பழைய ஸ்கூட்டரில் ஒரு மனிதர். எதிரே ஒரு வண்டி கிடையாது.

பயந்தவர்கள் நடுவில் வந்து உட்காருங்கள். இது என் நண்பனுடைய மாமனாருக்கு நடந்தது. நண்பன் வாயைத் திறந்தால் புளுகுவான்தான். ஆனால் இதைச் சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்த்தேன்.

அந்த மனிதரை எல்லோரும் ஒயர்க்காரர் என்பார்கள். தராசு, வெப்பமானி, ஈரம் பார்க்கிற கருவி என்று எதுவானாலும் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுப்பது அவர் தொழில். இணைத்துவிட்டால் அறை அறையாகப் போய்ப் பார்க்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் எண்கள் திரையில் வந்து நிற்கும்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். எந்த ஒயர் எந்த அறையிலிருந்து வருகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. ஒருத்தர் அறைக்குப் போய், அங்கே தொங்குகிற, சூட்டை அளக்கும் சென்சாரைக் கைக்குள் மூடிப் பிடிக்க வேண்டும். கைச்சூட்டில் எண் ஏறும். திரைக்கு முன்னால் இருப்பவர் எது ஏறுகிறது என்று பார்த்துவிட்டு, "அடுத்தது" என்பார். இவருக்குப் பிடித்துக் கொடுத்தது இவருடைய மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவர்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, கடைக்கோடி அறையில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பிடித்தபடி இவர் இருக்கும் பக்கமாக நடந்து வருவார்.

"பிடிச்சிருக்கேங்க... ஏறுதா?"

அந்த அம்மா கை எப்போதும் சில்லென்று இருக்கும். எண் சட்டென்று ஏறாது. உன் கைக்கு ஐஸ் பெட்டியே தேவலை என்று இவர் கிண்டல் செய்வார். கடைசி சென்சார் இவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருக்கும். அது ஏறிய பிறகும் இவர் வேண்டுமென்றே பேசாமல் இருப்பார். இவர் "விடு" என்று சொல்கிற வரை அந்த அம்மா விட மாட்டார். தைல வாடையோடு பின்னால் நின்றுகொண்டே இருப்பார். தீராத தலைவலிக்காரர், நெற்றியில் தைலம் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அப்படி இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து அந்த அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் இவர் விரலைப் பிடித்தபடியே படுத்திருந்தாராம். அவசரமாக ஒரு மருந்து வாங்கி வரச் சொன்னார்கள். "விடும்மா, இதோ வந்துடறேன்" என்றார் இவர். அந்த அம்மா விட்டார். இவர் மருந்தோடு ஓடி வந்தபோது... பிடிக்க ஆள் இல்லை.

அதற்குப் பிறகு தனியாள். வீட்டிலும் தனி, வேலையிலும் தனி. அப்பா தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று மகள் ஒரு அறையை ஒழித்து வைத்துக்கொண்டு நாள்தோறும் போனில் கெஞ்சினாள். ஒரு தடவை போனவர், சும்மா இருக்கப் பிடிக்காமல், அந்த அறையில் ஒரு சென்சாரை மாட்டி, ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரில் எண் தெரியும்படி இணைத்துவிட்டு வந்தார். தொட்டில் பழக்கம் விடுமா? இந்த ஒரு வேலை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று மகளிடம் சத்தியமே செய்தார். அந்த ஒரு வேலைதான் இந்த விதைக்கூடம்.

பத்து அறைகள். எல்லாம் இருபத்தைந்து டிகிரியில் இருக்க வேண்டும். பகலில் ஆட்கள் கதவைத் திறந்து மூடினால் எண்கள் ஆடும் என்பதால் வேலையை இரவில் வைத்திருந்தார்கள். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டுத் தன் கூண்டுக்குள் போய்விட்டார். உள்ளே ஸ்பிரிட் வாடை. எங்கேயோ ஒரு விசிறி... உர்ர்ர்... உர்ர்ர்... வேறு சத்தமே இல்லை.

தனியாள் என்றால் ஓட்டம்தான். பிடிக்க வேண்டும், விட்டுவிட்டு நடைவழி முழுக்க ஓடி வந்து திரையைப் பார்க்க வேண்டும். அதற்குள் சூடு ஆறி எண் இறங்கிவிடும். நாலைந்து தடவை ஓடியதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அழுகை முட்டியது. அந்த நேரத்தில் கூப்பிடுவதற்கு அவருக்கு உலகத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. வாய் தன்பாட்டில் சொன்னது.

"பிடிம்மா."

கடைக்கோடியில் ஒரு கதவு... கிரீச்.

திரையில் ஓர் எண் அசைந்தது. ஏறவில்லை. இறங்கியது. இருபத்து நாலு... இருபத்திரண்டு... இருபது... பத்தொன்பதில் வந்து நின்றது.

ஒயர் கோளாறு என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "அடுத்தது" என்றார். அந்த எண் மெல்ல ஏறி இருபத்தைந்துக்குத் திரும்பியது. அடுத்த கதவு கிரீச். இன்னொரு எண் இறங்கியது. அதுவும் பத்தொன்பது.

அடுத்தது... கிரீச். அடுத்தது... கிரீச். ஒவ்வொரு கதவும் முந்தினதைவிடப் பக்கத்தில் கேட்டது. ஒயர்க்காரர் எந்த எண் எந்த அறை என்று திரையில் பதிந்துகொண்டு வந்தார். பயத்திலும் வேலை வேலைதான்.

ஒன்பது முடிந்தது. பத்தாவது சென்சார் அவர் உட்கார்ந்திருந்த முன்னறையில், நாற்காலிக்குப் பின்னால்.

கதவு சத்தம் கேட்கவில்லை. ஸ்பிரிட் வாடை போய்... தைல வாடை. திரையில் கடைசி எண் இறங்க ஆரம்பித்தது.

அவர் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே வலது கையைப் பின்னால் நீட்டினார். தடவித் தடவி, சென்சாரைக் கைக்குள் மூடினார். ஓடி ஓடிச் சூடேறிய கை. எண் ஏறியிருக்க வேண்டும்... ஏறவில்லை. அவருடைய உள்ளங்கைக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு விரல் கனத்துக்கு ஏதோ இருந்தது. சில்லென்று இருந்தது.

விடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காலையில் வந்தவர்கள் வேலை சுத்தம் என்று மெச்சினார்கள். முன்னறை எண் மட்டும் ஆறு டிகிரி குறைவாகக் காட்டுகிறது என்றார்கள். சென்சாரை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள். அசையவில்லை. சலித்துப்போய், அதோடு ஆறைக் கூட்டிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஒயர்க்காரர் அதைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இரவானால் அங்கே போய் உட்கார்ந்தார். மகளிடம் வேலை முடியவில்லை என்றார். அவள் அழுதாள். நண்பன் நேரிலேயே போய்க் கூப்பிட்டபோதுதான் அவனிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"திரும்பிப் பார்த்தீங்களா மாமா?"

"இல்ல மாப்ளே. பார்த்து... இல்லாமப் போயிட்டா?"

விடு என்று சொல்லிவிட்டு மகளோடு வந்து நிம்மதியாக இருக்கலாமே என்று அவன் கேட்டான்.

"ஒரு தடவ சொல்லிட்டேன் மாப்ளே. இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது."

சில மாதங்கள் கழித்து, ஒரு விடியற்காலை, அதே நாற்காலியில் அவர் போயிருந்தார். வலது கை பின்னால் நீண்டு சென்சாரை மூடியிருந்தது. விரல்களைப் பிரிப்பதற்குள் காவலாளிக்கு வேர்த்துவிட்டதாம்.

காரியமெல்லாம் முடிந்து, அவருடைய கருவிப்பெட்டியை எடுத்து வர நண்பன் விதைக்கூடத்துக்குப் போனான். முன்னறை எண்ணைப் பார்த்தான். இருபத்தைந்து. அவர் போன அன்றிலிருந்து சரியாகிவிட்டது என்றார்கள். விட்டது பாரம், இரண்டு பேரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து ஹாலுக்கு வந்தான். கம்ப்யூட்டர் திரை வெளிச்சமாக இருந்தது. வீட்டில் புழுக்கம், ஹாலில் இருபத்தேழு டிகிரி. மாமனாருக்கென்று ஒழித்து வைத்த அறை இன்னும் பூட்டித்தான் கிடந்தது. ஏசி கிடையாது. ஜன்னல் சாத்தியிருந்தது.

அந்த அறையின் எண், பதினைந்து.

ஒரு கைக்கு ஆறு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மனைவியை எப்படி எழுப்பி இதைச் சொல்வது என்று தெரியாமல் திரும்பினான். அவள் எழுந்துதான் இருந்தாள். ஒரு கையில் அந்த அறையின் சாவி... இன்னொரு கையில் இரண்டாவது தலையணை.