காத்து நிற்கும் தாளம்

தலைமையேற்று இந்த அவைக்குத் தகுதி சேர்த்திருக்கும் பேச்சுப் பயிற்சியாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை முழுமையாக்கி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஒரு கண்ணை மேடையிலும் மறு கண்ணைப் பிள்ளை மீதும் வைத்திருக்கும் என்னைப் போன்ற தாய்மார்களே, கூரை அதிரக் கைதட்டியே தீருவது என்று வந்திருக்கும் என் தம்பியின் பழைய ரசிகர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இன்று ஒரு மென்பொருள் நிறுவனம் திறக்கிறோம். திறப்பவன் என் தம்பி. நேற்றுவரை ஹிப்ஹாப் பாடகன். நீங்கள் அவனுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். ஏன்? எடுத்த பாட்டை எந்த நிலையத்திலும் நிறுத்தாமல், மூச்சும் விடாமல் முடிப்பான். பின்வரிசையில் என்ன சிரிப்பு? ஆமாம் ஐயா, வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட வாடா என்றால் பதில் எதுகை மோனையோடு வரும், ஆள் வரமாட்டான்.

அந்த வேகத்தை நிறுத்தியது எது? தோல்வியா? தொண்டைக்கட்டா? இல்லை. என் மகள்.

அவளுக்குப் பேச்சு திக்கும். பெயரைக் கேட்டால் முதல் எழுத்திலேயே, வாசற்படி தடுக்கியது போல நின்றுவிடுவாள். உடனே கடைக்காரர் அதை முடித்து வைப்பார், பக்கத்து வீட்டம்மா முடித்து வைப்பார், பேருந்தில் முன்பின் தெரியாதவர்கூட ஏதோ ஒரு பெயரை ஊகித்து முடித்து வைப்பார். அன்புதான். ஆனால் அவசரப்படும் அன்பும் ஒரு வாயை அடைக்கும் அல்லவா?

ஒருநாள் தம்பியின் பாட்டறையில் அவளை விட்டிருந்தேன். சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை, கதவில் பழைய மெத்தை. அவன் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருக்க, இவள் பள்ளிக்கதையை அதன்மேல் ஏற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஓரிடத்திலும் இடறவில்லை.

"அக்கா, கேட்டியா?"

"பேசாம தட்டுடா, நிறுத்தாத."

பாட்டுக்குத் தாளம் அடுக்கிய அதே கணினியில் செயலி எழுதக் கற்றான். பிள்ளை பேசும்போது காதில் தாளம் ஒலிக்கும். செய்து முடித்து, நம் தலைவர் அம்மையாரிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தான். அத்தனை பிள்ளைகளுக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. தன் மேடை வேகத்தையே வைத்திருக்கிறான் மகராசன். கேட்டால், குறைத்துத்தான் வைத்தானாம்.

என் மகள் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"மா... மாமா, இது உங்க பாட்டு."

"கொஞ்சம் வேகமா வா கண்ணு, பழகிடும்."

"நீங்க கொஞ்சம் நி... நில்லுங்க."

எக்ஸ்பிரஸ் நின்றது. எழுதியதையெல்லாம் அழித்தான். பிள்ளை மூச்சை இழுக்கும்வரை காத்திருந்து, அவள் உதடு பிரியும்போது மட்டும் விழுகிற தாளத்தைத் தேடினான். கச்சேரிகள் நின்றன. "எப்பண்ணே மறுபடி பாடுவீங்க?" என்று ரசிகர்கள் வாசலில் நின்றபோது, "கேக்கக் கத்துக்கிட்டு இருக்கேன்டா" என்றான். இதோ, அப்படிக் கேட்ட ரசிகர் ஒருவரே கையைத் தூக்குகிறார்.

பிறகு ஒரு முதலீட்டாளர் வந்தார். திக்கிய சொல்லைச் செயலியே முடித்துக் கொடுத்தால் இன்னும் நன்றாக விற்கும், அப்படிச் செய்தால்தான் பணம் போடுவேன் என்றார். என் தம்பி நிதானமாகச் சொன்னான்: "அதுக்குத்தான் ஏற்கெனவே ஊரே இருக்கே சார்."

அவர் போய்விட்டார். தேடிய தாளம் பிறந்துவிட்டது. முந்தாத தாளம், முடுக்காத தாளம், முடித்து வைக்காத தாளம். ஓடுகிறவனை ஊர் பார்க்கும். உடன் நிற்பவனைத்தான் ஒரு குழந்தை பார்க்கும். அந்தக் குழந்தை இவனைப் பார்த்துவிட்டாள். இதைவிடப் பெரிய மேடை எந்தப் பாடகனுக்குக் கிடைக்கும்?

இன்றைய நன்றியுரை அவளுடையது. இயர்போன் இல்லாமல் பேசிப் பார்க்கிறாயா என்று காலையில் கேட்டேன். "நீ கண்ணாடி போ... போட்டுக்கிட்டுத்தானேம்மா படிக்கிற" என்றாள். இயர்போனை நானே எடுத்து அவள் காதில் மாட்டிவிட்டேன்.

என் நெஞ்சு இப்போதும் படபடக்கிறது. படபடக்கட்டும், அதற்கு வேறு என்ன வேலை? உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அவள் திக்கலாம். திக்கினால் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். பாவம் பார்த்துப் பாதியில் கைதட்டாதீர்கள். அவள் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஒலிவாங்கியை அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டு அமர்கிறேன். விடைபெறும் வணக்கத்தை அவளே சொல்வாள். அதற்கு அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரமும் நம்மிடம் இருக்கிறது.