அழுகை நின்ற பக்கம்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, முன்வரிசைக்குப் பெருமை சேர்த்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, இன்றைய நாயகியும் என் நாத்தனாருமான நூலாசிரியையே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கதையின் கட்டமைப்பைக் கணினி கண்டுபிடிக்குமா? பிடிக்கும். பதிப்பகத்தில் எனக்கு அந்த வேலைதான். சிலர் நாவல்களைப் படித்து, எங்கே பதற்றம் ஏறுகிறது, எங்கே சிக்கல் தீர்கிறது என்று குறிப்பார்கள். அந்தக் குறிகளைப் பார்த்துப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளும். பிறகு புதுக்கதையைக் கொடுத்தால், அதன் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து தரும்.

அங்கே அழுவது என் மகள்தான். அவள் அப்பா பார்த்துக்கொள்வார். நீங்கள் கவலைப்படாதீர்கள், கவலைப்பட நான் இருக்கிறேன்.

இந்த நாவலையும் கொடுத்தோம். காய்ச்சலில் குழந்தை விடாமல் அழுகிறது, கோடு ஏறியது. அழுகை நிற்கிறது, கோடு விழுந்தது. சிக்கல் தீர்ந்ததாம். தாய் குழந்தையின் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் அடுத்த அத்தியாயம் முழுக்கத் தட்டைக் கோடு.

"கதைதான் முடிஞ்சுபோச்சே, அந்த அத்தியாயத்தைத் தூக்கிடலாம்" என்றார் பதிப்பாசிரியர்.

நாத்தனாரிடம் சொன்னேன். "அது இல்லேன்னா புத்தகமே வேணாம் அண்ணி. ஆமா, உங்க மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தவங்க யாராவது பிள்ளை வளர்த்திருக்காங்களா?"

விசாரித்தேன். எல்லோரும் நேற்றுக் கல்லூரி முடித்தவர்கள். "குழந்தை அழுகைய நிறுத்தினா நிம்மதிதானே மேடம்?" என்றான் ஒருவன்.

"உனக்கு ஒண்ணு பொறந்ததும் வந்து சொல்லுப்பா" என்றேன்.

சிரிக்கிறீர்கள் தாய்மார்களே. காய்ச்சல் குழந்தை சட்டென்று அடங்கினால் மூச்சு வருகிறதா என்று நாம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதை அவனுக்கு யார் சொன்னது?

கணக்காளர் முதல் ஓட்டுநர் வரை, அலுவலகத்தில் பிள்ளை பெற்றவர்களைப் பிடித்தேன். இப்படிப்பட்ட காட்சிகள் உள்ள வேறு கதைகளைப் படித்துக் குறித்தார்கள். கணினிக்கு மறுபடி பாடம் நடத்தினோம். இம்முறை இந்த நாவலைக் கொடுத்தால், அழுகை நின்ற இடத்தில் கோடு ஏறியது. அத்தியாயம் முடியும்வரை இறங்கவில்லை.

பதிப்பாசிரியர் அப்போதுதான் அந்த அத்தியாயத்தையே எடுத்துப் படித்தார். முடித்தவுடன் வீட்டுக்குப் போன் போட்டார். "பாப்பா தூங்குறாளா? சும்மா ஒரு தடவை எழுப்பிப் பாரேன்."

ஒரு வரிகூட வெட்டப்படவில்லை.

கணினி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நாளையும் அதே வேலைக்குத்தான் போகிறேன். ஆனால் அதற்குக் கற்றுக்கொடுத்தது யாருடைய அச்சம்? யாருடைய ஆறுதல்? யாருடைய அமைதி? அடுப்படியில் நிற்பவர் அஞ்சும் இடமும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் அஞ்சும் இடமும் அதற்குத் தெரிய வேண்டாமா? குறிபோடும் மேசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். கேளுங்கள். கொடுக்காவிட்டால் இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன்.