அம்மாவின் முழங்கால்

தாய்மார்களே, தகப்பன்மார்களே... இந்தப் பெற்றோர் கூட்டத்துக்காக எழுதி வைத்ததை இதுவரை படித்தேன். இப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு சின்னக் கதை சொல்கிறேன், கேட்கிறீர்களா? கதை என்றுதான் சொல்கிறேன்... ஆனால் நடந்தது எங்கள் வீட்டில். தப்பு செய்தது நான்.

என் அம்மா ஜெயசீலி. இதே ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவர். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். செலவெல்லாம் காப்பீட்டு அட்டையில்.

தேதிக்கு ஒரு மாதம் முன்னால் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். 'எங்கள் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். உங்கள் பெயர், போன் நம்பர், நோய் விவரம் எல்லாம் வெளியே போயிருக்கலாம். யார் கேட்டாலும் எதையும் கொடுக்காதீர்கள். சந்தேகம் என்றால் கீழே உள்ள நம்பரில் எங்களைக் கூப்பிடுங்கள்.'

"என்னாடி அது?"

"ஒண்ணுமில்லம்மா... விளம்பரம்."

ஏன் பொய் சொன்னேன்? அம்மா ஏற்கெனவே, "கிறிஸ்துமஸ் கழிச்சுப் பாத்துக்கலாமே" என்று நழுவிக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் ஆஸ்பத்திரி பக்கமே போக மாட்டார் என்று பயந்தேன். கடிதம் என் புவியியல் புத்தகத்துக்குள் போனது.

மூன்றாம் நாள் ஒரு போன். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அம்மா போனை வீட்டில்தான் விட்டுப் போவார். நான் எடுத்தேன்.

"ஜெயசீலி அம்மா வீடுங்களா? ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறோம் கண்ணு. அம்மாவுக்குக் கட்டி ஆபரேஷன், பத்தொன்பதாம் தேதி. சரிதானே? விவரமெல்லாம் திருடு போச்சுல்ல... அதைப் பூட்டணும். அட்டையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புறியா?"

தேதி தெரிகிறது. நோய் தெரிகிறது. கண்ணு என்று வேறு கூப்பிடுகிறார். வேறு யாராக இருக்கும்?

நம் வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்குமே... ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்புக் முதல் பக்கம், காப்பீட்டு அட்டை, போட்டோ ரெண்டு... யார் எதற்குக் கேட்டாலும் நீட்டுவதற்குத் தயாராக? சிரிக்கிறீர்கள்... உங்கள் வீட்டிலும் இருக்கிறது! அவர் கேட்டது ஒன்று. நான் அந்தக் கவரையே கொட்டி ஐந்தையும் படம் எடுத்து அனுப்பினேன். ஓடிபி வந்தது. அதையும் சொன்னேன்.

"நல்ல பொண்ணு. இனிமே பயமே இல்ல."

சாயங்காலம் மறுபடி ஒரு ஓடிபி வந்தது. இன்னொன்று வந்தது. அந்த நம்பரைக் கூப்பிட்டேன்... சுவிட்ச் ஆஃப். ஏமாந்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் இல்லை... மூன்றரை வாரம்!

பத்தொன்பதாம் தேதி வந்தது. காப்பீட்டு கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"உங்க அட்டையில இந்த வருஷத்துக்கு மிச்சமே இல்லையேம்மா. போன வாரம்தான் முழங்கால் மாத்தியிருக்கீங்க... ரெண்டு காலும்."

"யாரு... நானா? தம்பி, நான் பஸ் ஸ்டாண்டிலேர்ந்து நடந்து வந்தேன்!"

வரிசையில் பின்னால் நின்றவர், "ஒரே வாரத்துல நடக்க வெச்சிருக்காருன்னா கெட்டிக்கார டாக்டரு. அட்ரஸ் வாங்கி வையுங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப என் ஆபரேஷன்?"

"கையிலேர்ந்து பணம் கட்டினா பண்ணலாம்மா."

எங்களிடம் ஏது பணம்? அம்மா பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த நிமிஷம்... நான் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அம்மா வயிற்றில் கட்டியோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

"அம்மா... நான்தாம்மா..." என்று ஆரம்பித்து, கடிதம், போன், ஓடிபி, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அறை விழவில்லை. கண்ணைத் திறந்தால்... என் அம்மா, பஸ்ஸில் புடவை கணுக்காலுக்கு மேலே ஏறினாலே இழுத்துவிடுகிற என் அம்மா, இரும்பு நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்து முழங்கால் தெரியப் புடவையை ஏற்றியிருந்தார்.

"பாருங்க தம்பி. தையல் எங்க? தழும்பு எங்க? நாப்பத்திரண்டு வருஷமா ஆண்டவர் குடுத்த காலு இது!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. புர்கா போட்ட ஒரு அம்மா முன்னால் வந்தார். "எங்க வீட்டுக்கும் அந்த லெட்டர் வந்துச்சு. பில்லுன்னு நெனச்சு அலமாரியில வெச்சிருக்கேன்." இன்னொருவர், "எனக்கும் ஒருத்தன் போன் பண்ணான்" என்றார். கவுன்ட்டர்காரர் எழுந்தே விட்டார்.

அன்றைக்கே சைபர் திருட்டுக்குப் புகார் சொல்லும் நம்பரான 1930-க்குப் போன் செய்தோம். டாக்டர் அம்மாவின் காலைப் பார்த்து, இந்த முழங்காலில் எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா பெயரில் யாரோ பொய் ஆபரேஷன் காட்டி அட்டைப் பணத்தை எடுத்துவிட்டதாகப் புகார் எழுதினோம். அட்டையை நிறுத்தி வைத்தார்கள். வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதாரைப் பூட்டினோம். அலைந்தோம்... ரொம்பவே அலைந்தோம். பதினாறாம் நாள் அட்டை திரும்பி வந்தது. பதினெட்டாம் நாள் ஆபரேஷன் முடிந்தது. இப்போது படுத்த படுக்கையிலிருந்தே, "குழம்புல உப்பு போட்டியாடி?" என்று அதிகாரம் நடக்கிறது!

இதை ஏன் சொன்னேன்? நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நமக்கு வேண்டியவன் ஆகிவிடுவானா? மாட்டான்! திருடியவனுக்கும் எல்லாம் தெரியும். எவ்வளவு அன்பாகப் பேசினாலும் போனை வையுங்கள். கடிதத்தில் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். இங்கிலீஷ் கடிதம் என்று ஓரம் கட்டாதீர்கள். படிக்கத் தெரிந்தவரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவன் திருடியது ஒரு ஓடிபி. மூன்றரை வாரத்தை அவனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தது என் பயம். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இத்தன நாளு தனியாவாடி பயந்துகிட்டு இருந்த?"

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளிடம் இதையே கேளுங்கள். "பயந்துகிட்டு எதையாவது மறைச்சு வெச்சிருக்கியா?" உடனே பதில் வராது. திட்டாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்... சொல்வார்கள்.