ஒன்பது காலடிப் பாறை

கண்டி மாவட்டத்தில் கமராவை நேர்மையாகப் பிடிக்கும் கடைசி மனிதன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். மூன்று வருடங்களாக எடுத்த படங்களில் ஒன்றைக்கூட நான் திருத்தியதில்லை. வெளிச்சம் குறைவென்றால் படம் இருட்டாகவே இருக்கும். ஆள் அசைந்தால் அசைந்தபடியே இருப்பார். எங்கள் கல்லூரிப் புகைப்படக் கழகத்தில் என் படங்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் எதுவும் பேசுவதில்லை. உண்மைக்கு முன்னால் மனிதர்கள் அப்படித்தான் அடங்கிப்போவார்கள்.

சுமனின் முறை வேறு. அவன் கம்பளைக்காரன், அப்பாவுக்குத் துணிக்கடை. அவன் கண்டி வாவியை எடுத்தால் வானம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மழைநாளில் மடவளை பஸ்ஸை எடுத்தாலும் அதே ஆரஞ்சு. போனில் ஓர் ஆப் வைத்திருந்தான். விரலால் தேய்த்தால் மின்கம்பி மறையும், குப்பைத்தொட்டி மறையும், மூக்கிலிருக்கும் பரு மறையும்.

"உனக்குப் பரிசு குடுக்கிறதுன்னா பெயின்ட் கடைக்காரன்தான்டா குடுக்கணும்" என்பேன். அவன் சிரிப்பான். அவனை எனக்குப் பிடிக்கும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

போன வருடம் கழகத்திலிருந்து பதினான்கு பேர் கலஹாப் பக்கம் போனோம். நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம் அது. வழிகாட்டியதும் நான்தான், வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. டைமர் வைத்துச் சுமன் எடுத்த குழுப்படம், பிறகு கண்காட்சி மண்டபத்தின் வாசலில் ஆளுயரத்தில் தொங்கியது. அதில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். நான் நின்ற இடத்தில் ஒரு தேயிலைச் செடி இருந்தது.

"நீ ஓரத்துல தனியா நின்ன மச்சான். படம் ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருந்திச்சு, அதான் எடுத்துட்டேன்" என்றான் சுமன். "செடி நல்லாத்தானே வந்திருக்கு?"

நன்றாகத்தான் வந்திருந்தது. ஒத்துக்கொண்டேன்.

கண்காட்சியன்று அம்மா கலஹாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். வாசலிலேயே என் படம் தொங்கும் என்று நான்தான் போனில் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி முகம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு நீ போகலையாப்பா?" என்று கேட்டார்.

"போகலம்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் சொல்ல வைத்தவன் சுமன்.

நான் கோபப்படவில்லை. அளந்து பார்த்தேன்.

கமராவோடு சேர்ந்து வருகிற லென்ஸ் 18-55. நின்ற இடத்தில் நின்றபடி வளையத்தைத் திருகினால் மலை கிட்ட வரும், தூரப் போகும். அடுத்ததாக எல்லாரும் ஆசைப்பட்டு வாங்குவது 50. படம் அழகாக விழும், ஆனால் ஜூம் கிடையாது. காட்சி முழுதாக உள்ளே வரவேண்டுமென்றால் எடுப்பவன் பின்னால் போகவேண்டும். 'கால்தான் ஜூம்' என்று கழகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் தேயிலையும் ஒரு கொய்யா மரமும். மறுபக்கம் இடுப்பளவு மானாப்புல். புல்லுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஆளும் அந்த உயர மரமும் 50-இல் முழுதாக விழ எவ்வளவு தூரம் வேண்டும் என்று கல்லூரி மைதானத்தில் அளந்தேன். பதினொரு காலடி. பாறையில் போய் அளந்தேன். ஒன்பது. இரண்டு தடவை அளந்தேன். அவசரப்பட்டு எதையும் செய்கிறவன் அல்ல நான்.

அடுத்த ஞாயிறு, எனக்கு ஒரு முழு உருவப் படம் வேண்டும் என்று சுமனைக் கூப்பிட்டேன்.

"உன் மூஞ்சிய எடிட் பண்ணாம எப்படிடா எடுக்கிறது?" என்றான். ஆனாலும் வந்தான். கூப்பிட்டால் வருகிறவன்.

பேராதனையில் பஸ் ஏறியபோது எனக்கு மட்டும் சீட் கிடைத்தது. நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பஸ்களில் வழக்கம். சுமன் கேட்காமலே நீட்டினான். கலஹா வந்து சேர்வதற்குள் அவனுடைய 18-55 என் பைக்கு மாறியிருந்தது.

பாறையில் பையைத் துழாவினான். "சே, சின்ன லென்ஸ வீட்டுல வுட்டுட்டேன் போல. 50 மட்டுந்தான் இருக்கு."

"பரவால்ல. கால்தான் ஜூம்" என்றேன்.

நான் கொய்யா மரத்தடியில் நின்றேன். அவன் ஒரு கண்ணைக் கமராவில் வைத்து மறு கண்ணை மூடிக்கொண்டு ஒரு படம் தட்டினான்.

"மரம் வெட்டுப்படுதா?" என்று கேட்டேன்.

"ம்."

"பின்னால போ."

நான்கு. ஐந்து. காற்றில் புல் அவன் முதுகைத் தொட்டது. ஆறாவதில் நின்றான்.

"பின்னால எடம் இருக்காடா?"

"நெறைய இருக்கு" என்றேன். அதுவும் பொய்யல்ல. வெற்றிடமும் இடம்தான்.

ஏழு. எட்டு. "நுனி மட்டும் வரல" என்றான். ஒன்பதில் மறுபடி ஒரு படம் தட்டினான். கண்ணை எடுக்காமலே இன்னொரு காலடி வைத்தான்.

கால் வழுக்கி விழுந்ததாகப் பொலிஸில் சிங்களத்தில் எழுதினார்கள். வாசித்துக் காட்டியபோது திருத்தம் எதுவும் சொல்லாமல் கையெழுத்திட்டேன்.

கமரா நொறுங்கியிருந்தது. கார்ட் பிழைத்துவிட்டது. அதை எப்படித் திறப்பதென்று தெரியாமல் சுமனின் தங்கை நிரோஷினி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "கடைசியா அண்ணன் எடுத்தத நினைவு மடல்ல போடணும். எடுத்துத் தாங்கண்ணே."

திறந்தேன். படத்தில் நான் வலது கையை நீட்டி, பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லும் கண்டக்டரைப்போல நின்றேன். என் கண்கள் கமராவைப் பார்க்கவில்லை. அவன் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தன. படம் பொய் சொல்லாது என்று மூன்று வருடங்களாக நான் சொல்லி வந்தது எவ்வளவு சரி என்று அன்றுதான் தெரிந்தது.

போனில் அந்தக் கையை விரலால் தேய்த்தேன். அந்த இடத்தில் தேயிலை வந்து நிரம்பியது. இப்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டியதுபோல் இருந்தது. பார்க்க மரியாதையாகக்கூட இருந்தது. கண்களை முந்தைய படத்திலிருந்து எடுத்து வைத்தேன். இதைத் திருத்தம் என்று சொல்லமாட்டேன். லென்ஸைத் துடைப்பதில்லையா, அதுபோல.

நான்கு மணிக்குக் கல்லூரி வாசலுக்கு நிரோஷினி வந்தாள். என் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முதலில் என் முகம். பிறகு தோள். பிறகு கை இருந்த இடம். அங்கேயே நிறுத்தினாள். வெகுநேரம் நிறுத்தினாள்.

"இது தேயிலைக் கொழுந்தாண்ணே?"

"கொழுந்துதான்."

விரலை எடுத்தாள். கண்ணைத் துடைத்தாள். "எல்லாப் படத்தையும் ஏதாச்சும் பண்ணி வச்சிருவான். இது ஒண்ணுதான் எடிட் பண்ணாத படம், இல்லையாண்ணே?"

"ஆமா. அவன் எதுவும் பண்ணல."

"மர நுனிதான் வெட்டுப்பட்டுப் போச்சு. பாவம், அதுக்காகத்தானே பின்னால போனான்."

"குடு" என்று போனை வாங்கினேன். சுமன் வைத்திருந்த அதே ஆப்தான். ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்தேன். கொய்யா மரத்தின் நுனி ஒரு நொடியில் முளைத்துவிட்டது. அதற்கு மேலே வந்த வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

அதை ஆரஞ்சாக்கிக் கொடுத்தேன்.