பிச்சுமணியோட வா பெடலை நான் நன்னாக்கிக் குடுத்தது

வா பெடல் வாங்கப் போறவா முதல்ல செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சுப் பாக்கணும். கடையிலே ஷூவோட மிதிச்சா எல்லாப் பெடலும் நன்னாத்தான் இருக்கும். ஆத்துக்குக் கொண்டுவந்து வெறுங்காலோட நின்னா அது வேற சாமானமாயிடும். நம்ம குரூப்பிலே சுதர்ஷன்ங்கறவர், எந்த வா பெடல் வாங்கலாம், எப்படி செட் பண்ணறதுன்னு கேட்டிருந்தார். பழக்கமுள்ளவா சொல்லணும்னு போட்டிருந்தார். எனக்குப் பழக்கம் உண்டு. அதனாலே எழுதறேன். கொஞ்சம் நீளும், க்ஷமிக்கணும்.

தெரியாதவாளுக்காக ஒரு வார்த்தை. எலக்ட்ரிக் கிடாருக்கும், ஆம்புங்கற சத்தப் பெட்டிக்கும் நடுவிலே தரையிலே கிடக்கற இரும்புப் பெட்டி அது. மேலே தையல் மிஷின் மாதிரி மிதிக்கறதுக்கு ஒரு பலகை. விரல் பக்கம் அமுக்கினா சத்தம் கூர்மையாகும், குதிகால் பக்கம் சாய்ச்சா மந்தமாகும். மாத்தி மாத்தி மிதிச்சா கிடார் வாயைத் திறந்து மூடிப் பேசற மாதிரி கேக்கும். நன்னா வாசிக்கறவா கையிலே. நான் மிதிச்சா பூனை வாலை மிதிச்சாப்பலே இருக்குன்னு என் ஆத்துக்காரியே சொல்லிருக்கா. பூனை கேட்டா வருத்தப்படும்.

பலகை ரொம்ப லூஸா இருந்தா கால் நிக்காது, ரொம்ப டைட்டா இருந்தா முட்டி போயிடும். சில பெடல் அணைச்சு வெச்சாலும் கிடாரோட கூர்மையைக் கொஞ்சம் தின்னும், அதைக் கடையிலேயே கேட்டுக்கணும். அப்புறம் உள்ளே இருக்கற விஷயம். பழைய மாதிரி பெடல்லே பல் வெச்ச ஒரு கம்பி, ஒரு சின்னப் பல்சக்கரத்தைத் திருப்பும். பலகை அசைய அசைய அது சுத்தும், சத்தம் மாறும். இப்போ பல்சக்கரமே இல்லாம வெளிச்சத்தைக் கொண்டு வேலை செய்யற மாடலும் வருது. அதிலே தேய்மானம் இல்லே. யாரும் திறந்து ஒண்ணும் பண்ணவும் முடியாது. கூட வாசிக்கறவாளை முழுசா நம்பறவா பல்சக்கரம் உள்ளதே வாங்கலாம்.

பிச்சுமணி அதைத்தான் வாங்கினான்.

எங்க பேண்டுக்கு மட்டாஞ்சேரியிலே, சுக்கு கோடவுன் மாடியிலே ஒரு ரூம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ப்ராக்டீஸ். பிச்சுமணி லீட் கிடார், எறணாகுளத்திலே இன்ஷூரன்ஸ் வேலை. ட்ரம்ஸ் அப்பு, அரிசி மொத்த வியாபாரம். பாடறது அப்புவோட அண்ணா பொண்ணு அதிதி. நான் வெங்கிட்டு, பஜார் ரோட்டிலே மிக்ஸியும் இன்வெர்ட்டரும் நன்னாக்கற கடை. எனக்கு ரிதம் கிடார். அதாவது பின்னாலே நின்னு ஜக்கு ஜக்குன்னு ஓட்டறது. கல்யாண ரிசப்ஷன், க்ளப் ஆண்டு விழா, அவ்வளவுதான் எங்க உலகம். ஆனா அந்த உலகத்திலே பிச்சுமணி ராஜா. அவன் பெடலை மிதிச்சு ஒரு இழு இழுத்தா, பிரியாணி தின்னுண்டிருக்கறவா தலையைத் தூக்குவா.

ஒரு ப்ரோக்ராம் முடிஞ்ச மறுநாள் அதிதி என் கடைக்கு மிக்ஸி கொண்டுவந்தா. "பிச்சு அங்கிள் நேத்து என்னமா வாசிச்சார், இல்லே?" என்றாள். ஆமான்னேன். "நீங்க நேத்து வந்திருந்தேளோ அங்கிள்?" என்று கேட்டாள். அவளுக்கு ரெண்டடி பின்னாலே முழு நேரமும் நின்னது நான்தான். அவ கேலி பண்ணலே, நிஜமா சந்தேகம் கேட்டா. மிக்ஸியை நன்னாக்கிக் குடுத்தேன். காசு வாங்கலே. இதை என் நல்ல குணத்துக்கு ஒரு சாட்சியா வெச்சுக்கலாம்.

இனி செட் பண்ணற விஷயம். சுக்குத் தூளும் உப்புக்காத்தும் சேர்ந்தா பெடல் உள்ளே கரகரன்னு ஆயிடும், மிதிக்கறபோ அப்பளம் நொறுங்கற சத்தம் வரும். பிச்சுமணி என்கிட்ட குடுத்தான். திறந்து ஸ்ப்ரே அடிச்சு சுத்தம் பண்ணினேன். திரும்பிப் பூட்டறச்சே சக்கரத்தை அதே பல்லிலே உக்காத்தி வெக்கணும். ஒரு பல் மாறினாலும் சத்தம் மாறும். மந்தம் பக்கம் ஒரு பல் தள்ளினா, எவ்வளவு அமுக்கினாலும் பழைய கூர்மை வராது. இதை ஒருத்தனாலே செட் பண்ண முடியாது. மிதிக்கறவன் பெடல் மேலே நிக்கறான், ஆம்ப் அந்தப் பக்கம் பாத்துண்டிருக்கு. ஒருத்தன் மிதிக்கணும், இன்னொருத்தன் ஆம்புக்கு முன்னாலே உக்காந்து கேட்டுச் சொல்லணும். ஒருத்தன் காலு, இன்னொருத்தன் காது. எங்களிலே காது எப்பவும் நான்தான். அப்புவோட காது ட்ரம்ஸ் அடிச்சு எப்பவோ போச்சு, அவனே பெருமையா சொல்லிப்பான்.

முதல் தடவை நிஜமாவே கைத்தப்பு. ஒரு பல் மாறி உக்காந்துடுத்து. பிச்சுமணி மிதிச்சுப் பாத்துட்டு, "டேய் வெங்கிட்டு, கொஞ்சம் மங்கினாப்பலே இல்லே?" என்றான். எனக்கும் மனஸ்ஸிலாச்சு. ஆனா அப்பு பக்கத்திலே நிக்கறான். ஒரு பெடலை ஒழுங்காப் பூட்டத் தெரியாத நீ என்னத்தை மிக்ஸி நன்னாக்கறேன்னு ஆரம்பிச்சுடுவான், அடுத்த ஓணம் வரைக்கும் விடமாட்டான். "இல்லையே, நன்னா கூர்மையா இருக்கே"ன்னு சொல்லிட்டேன். பிச்சுமணி என்னைப் பாத்தான். அப்புறம் சுண்டு விரலைக் காதிலே விட்டுக் குடைஞ்சிண்டான்.

அதுதான் எனக்கு ஆச்சரியம். அவன் பெடலை சந்தேகப்படலே, என்னையும் சந்தேகப்படலே. காதைக் குடைஞ்சான்.

அதுக்கப்புறம் அப்பப்போ சுத்தம் பண்ணக் கேட்டு வாங்கிண்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பல். நான் அவசரக்காரன் இல்லே. நல்ல கூர்மை, நல்ல கூர்மைன்னு ஆம்புக்கு முன்னாலே உக்காந்து சொல்லிண்டே இருந்தேன். அவனுக்குக் கேக்கலேன்னா பாவம் என்ன பண்ணுவான். ஆம்பிலே கூர்மையைக் கூட்டற ட்ரெபிள் திருகைத் தூக்கி வெக்க ஆரம்பிச்சான். பெடல் போட்டிருக்கற வரைக்கும் அது தெரியாது. பெடலை அணைச்சுட்டு சாதாரணமா வாசிக்கறபோதுதான் விஷயம். ஆலுவாவிலே ஒரு ரிசப்ஷன். மெதுவான பாட்டு, பெடலை அணைச்சான். கத்தியைக் கல்லிலே இழுத்தாப்பலே ஒரு சத்தம். முன் வரிசையிலே கைக்குழந்தை வீல்னு அழுதது. பெண்ணோட அம்மான் மேடை கிட்டே வந்து மரியாதையா, "சேட்டா, சத்தம் ஒண்ணு குறைக்காமோ?" என்றார். பிச்சுமணி என்னைத் திரும்பிப் பாத்தான். நான் குனிஞ்சு என் கிடார்லே ஸ்ருதி சேர்த்துண்டிருந்தேன். சேர்ந்துதான் இருந்தது.

வண்டியிலே வரச்சே கேட்டான். "உண்மையைச் சொல்லுடா. என் காது போயிண்டிருக்கு, இல்லையா?"

"வயசாகறது ஓய், எல்லாருக்கும் உள்ளதுதான்"னேன். இதிலே பொய் ஒண்ணுமில்லே.

டாக்டர்கிட்ட போனான். வயசுக்குள்ள குறைவு கொஞ்சம் இருக்கு, பெரிசா ஒண்ணுமில்லேன்னு அவர் சொன்னாராம். பிச்சுமணி முதல் பாதியை மட்டும் எடுத்துண்டான். வேற எங்கேயோ போய்க் காதிலே வெக்கற மிஷின் வாங்கிண்டான். ஒரு ஞாயித்துக்கிழமை கோடவுன் மாடிக்கு வந்து, பெடலைத் துணியிலே சுத்தி என் கையிலே குடுத்தான். "உன் காது நல்ல காது. நீ வெச்சுக்கோ. நான் பேண்டைக் கெடுக்கக் கூடாது" என்றான். அப்பு அழுதான். நானும் கண்ணைத் துடைச்சிண்டேன். நிஜமாவே வந்தது.

அன்னிக்கே சக்கரத்தைப் பழைய பல்லுக்குக் கொண்டுவந்து வெச்சேன். அருமையான பெடல்.

நான் கெட்டது பண்ணினதா எனக்குத் தோணலே. அவனுக்கு முட்டி வலி. ஞாயித்துக்கிழமை பெண்டாட்டி ஸ்வர்ணலதாவோட ஒரு இடம் போனதில்லே. ஒரு பேண்டிலே ஒருத்தனே எல்லாக் கைத்தட்டலையும் வாங்கினா மத்தவா வளரமாட்டா. நான் வளர்ந்தேனான்னு கேட்டா, அதிலே கொஞ்சம் கஷ்டம் உண்டு. ஓணம் ப்ரோக்ராமிலே லீட் வாசிச்சேன். பெடலை மிதிக்கறபோது விரல் நிக்கறது, விரல் ஓடறபோது கால் நிக்கறது. நடுவிலே ஒரு இடத்திலே பெடல் அணைஞ்சுடுத்து, எனக்குத் தெரியாம பாட்டு முடியற வரைக்கும் மிதிச்சிண்டே இருந்தேன். மூஞ்சியை மட்டும் பெரிய வித்வான் மாதிரி சுளிச்சிண்டேன். கீழே இறங்கினதும் அதிதி சொன்னா, "அங்கிள், இன்னிக்கு நீங்க வந்தது நன்னா தெரிஞ்சுது."

போன மாசம் ஸ்வர்ணலதா கடைக்கு வந்தா. "அண்ணா, நீங்க ஒண்ணு வந்து பேசுங்கோளேன். ஆபீஸிலே லீவ் சொல்லிட்டார். ஃபோன் எடுக்கறதில்லே. நான் கூப்பிட்டா கூடத் திரும்பறதில்லே. காது கேட்டாலும் கேக்கலேன்னு அவரே முடிவு பண்ணிண்டு உக்காந்திருக்கார். கிடாரைக் கண்ணாலே பாக்கமாட்டேங்கறார்" என்றாள்.

பழைய சிநேகம். போனேன். பழம்பொரி, அதான் நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கிண்டு போனேன், அவனுக்கு இஷ்டம். நாற்காலியிலே உக்காந்திருந்தான். மிஷினைக் கழட்டி மேஜை மேலே வெச்சிருந்தான். எப்படி இருக்கேன்னு கேட்டேன், சிரிச்சான். சாப்பிட்டாயான்னு கேட்டேன், அதுக்கும் அதே சிரிப்பு. அந்த சிரிப்பைப் பாத்ததும்தான் எனக்கு உறுதியாச்சு, காது முழுசாப் போயிருக்குன்னு. நானாக்கும் காரணம்னு ஒரு கவலை இருந்தது, அதுவும் தீர்ந்தது. பல்சக்கரத்தாலே யாருக்கும் செவிடு வராது. அது தன்னாலே வந்தது. நான் முன்கூட்டிக் கண்டுபிடிச்சேன், அவ்வளவுதான்.

ஆனாலும் மனசிலே ஒரு உறுத்தல். மனுஷன்தானே நான். ஸ்வர்ணலதா அடுக்களைக்குப் போனதும் ஜன்னலோரம் போய் நின்னேன். கீழே ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சிண்டிருந்தான். பிச்சுமணிக்கு முதுகைக் காட்டிண்டு, தெருவைப் பாத்துண்டு, எல்லாத்தையும் சொன்னேன். கைத்தப்பாப் போன பல், வேணும்னு தள்ளின பல், ஆம்புக்கு முன்னாலே உக்காந்து சொன்ன பொய், ஆலுவாவிலே ஸ்ருதி சேர்த்த மாதிரி நடிச்சது, எல்லாம். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன், ஸ்வர்ணலதா காதிலே விழக் கூடாதே. சொல்லி முடிச்சதும் பாரம் இறங்கினாப்பலே இருந்தது. மன்னிப்பும் கேட்டேன். முறையா, ரெண்டு கையையும் கூப்பிண்டு, ஜன்னல் கம்பியைப் பாத்து.

அப்போ பின்னாலேந்து பிச்சுமணி கேட்டான். ப்ராக்டீஸிலே கேக்கற அதே குரல்.

"எந்தப் பக்கம்டா திருப்பினே?"

"மந்தம் பக்கம்"னேன்.

அவன் மேஜை மேலே இருந்த மிஷினை எடுத்து, அதோட டப்பாவிலே வெச்சு மூடினான். ஸ்வர்ணலதா சாயா கொண்டுவந்தா. மூணு பேரும் குடிச்சோம். நான் இறங்கி வரச்சே மாடியிலே கிடாருக்கு ஸ்ருதி சேர்க்கற சத்தம் கேட்டுது. அக்கம்பக்கத்திலே யாரோ கத்துக்கறாப்பலே.

ஆக, சுதர்ஷன், பெடல் இதுதான் வாங்கணும்னு இல்லே. செட் பண்றச்சே கேட்டுச் சொல்ல நம்பிக்கையான ஆள் வேணும்னா, என் கடை தெரியும், வாங்கோ. பிச்சுமணி எல்லாத்தையும் கேட்டுட்டானோன்னு படிக்கறவா யாரும் பதற வேண்டாம். என் உதட்டசைவைப் பாத்துப் புரிஞ்சிண்டிருக்கான். காது போனவாளுக்கு அந்த சாமர்த்தியம் தன்னாலே வந்துடும்.