மூன்றாவது பாட்டின் எட்டுச் சுற்று

பாட்டில் வார்த்தைகள் இருந்தால் எனக்குப் பிடிக்காது, மேடம். யாரோ ஒருவர் தன் துக்கத்தைக் கொண்டுவந்து நம் மடியில் கொட்டுவது போலிருக்கும். வாத்தியம் மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் மூன்று பேர், மூன்று வாத்தியம், பாடகர் கிடையாது என்று முதல் நாளே முடிவு செய்தேன். முடிவு செய்தது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆரோன். வயது ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கிறேன், முப்பத்தாறு வருடமாக. எங்கள் கோயிலில் ஆர்கன் மேலே மாடத்தில் இருக்கிறது, சனங்களின் முதுகுக்குப் பின்னால். பூசை முடிந்து போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஏதும் கிடையாது.

யூஜின் என் சிறுவயது சிநேகிதன். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் கொண்டுவந்த இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் எங்களுக்கு ஜாஸ் பைத்தியம் பிடித்தது. அவன் பாஸ் கிதார் வாசிப்பான். டிரம்ஸுக்கு ஆள் தேடியபோது வைத்திக்குப்பத்தில் சிலம்பரசனைக் கண்டுபிடித்தேன். இருபத்தெட்டு வயது. காலையில் மீன் ஏலத்தில் ஐஸ் பெட்டி தூக்குவான். கல்யாணம், சாவு, அம்மன் தேர் என்று எதுவானாலும் போய் அடிப்பான். நோட்டு வாசிக்கத் தெரியாது. "ஒருவாட்டி வாசிச்சிக் காட்டுங்க மாஸ்டர், புடிச்சிக்குவேன்" என்பான். பிடித்துக்கொள்வான்.

உப்பளத்தில், பழைய துறைமுகத்துக்குப் பக்கம், யூஜின் குடும்பத்துக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. அங்கேதான் ஆல்பத்தைப் பதிவு செய்தோம். மூன்று நாள், மத்தியானத்தில் மட்டும். பெயர் 'ரெண்டு மணி வெயில்'. ஏழு பாட்டு. ஏழையும் எழுதியது நான்.

மூன்றாவது பாட்டின் நடுவே நான் தாள எண்ணிக்கையைத் தவறவிட்டேன். எங்கே நுழைவது என்று தெரியவில்லை. கையைத் தூக்கிவிட்டேன். எட்டுச் சுற்று ஆர்கன் இல்லை. மற்ற இருவரும் நிறுத்தாமல் போனார்கள்.

நீங்களும் கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். எந்த இடம் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. அந்த எட்டுச் சுற்றுதான். எல்லோருக்கும் அதுதான். ஐந்து சுரங்கள் கொண்ட ஒரு துண்டை யூஜின் திரும்பத் திரும்ப வாசிக்கிறான், வேறொன்றும் செய்யவில்லை. சிலம்பு அடிக்கிறான். ஆனால் அடி விழ வேண்டிய இடத்தில் விழுவதில்லை. ஒரு மயிரிழை தள்ளி விழுகிறது. அந்த மயிரிழைக்காகக் கேட்கிறவன் உடம்பு முன்னால் சாய்ந்து காத்திருக்கிறது. அடி விழுந்ததும் விடுபடுகிறது. உடனே அடுத்ததற்குச் சாய்கிறது. இதற்குத்தான் ஊரெல்லாம் தலையை ஆட்டியது.

மறுபடி பதிவு செய்யலாம், அது பிழை என்று சொன்னேன். யூஜின் சிரித்தான். "உனக்கு இன்னா பைத்தியமாடா ஆரோனு? அந்தப் பாட்டுக்கு உசுரே அங்கதான் இருக்குது."

அப்படியே வெளியிட்டார்கள். காபிக் கடைகளில் போட்டார்கள். ஆட்டோக்களில் ஓடியது. எங்கிருந்தெல்லாமோ எழுதினார்கள். டிரம்ஸ், டிரம்ஸ், டிரம்ஸ். ஒருவர் மட்டும் ஆர்கனைப் பற்றி எழுதியிருந்தார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கலைஞர் என்று.

என் மனைவி மெரின் இருபத்துமூன்று வருடமாக என் வாசிப்பைக் கேட்கிறவள். கோயிலில் அவள் கால்விரல்கூட அசைந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அடுக்களையில் வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். போனில் மூன்றாவது பாட்டு. அவள் இடுப்பு ஆடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"யாருங்க இந்த மோளம் அடிக்கிறது? ஒடம்பு சும்மா நிக்க மாட்டேங்குது."

அவள் அரிந்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

நான் பொறாமைக்காரன் இல்லை. சிலம்புவைத் திருத்தப் பார்த்தேன், அவ்வளவுதான். டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோமை வைத்து, "இங்க பாரு, நீ ஒவ்வொரு அடியும் பின்னால விழற" என்று காட்டினேன். "சரிங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு இம்மி பிசகாமல் வாசித்தான். பாட்டு செத்துப்போனது. அது எனக்கும் கேட்டது. ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? அவன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "இப்டியே வாசிக்கட்டுமா?" கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான். கிண்டல் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மே மாதம் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேசினோம். நான் எட்டுப் பாட்டு எழுதிக் கொண்டுபோனேன். யூஜின் தாள்களைப் புரட்டினான். "நல்லாத்தான் இருக்குது. ஆர்கனைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமா? அவனுக்கு எடம் உட்டா போதும்டா, மத்ததை அவன் பாத்துக்குவான்."

அது செவ்வாய்க்கிழமை. கிடங்கின் கதவு இரும்பு, வெள்ளைக்காரன் காலத்தது. திறந்து வைத்தால் சுவரில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். மூன்று மணிக்கு மேல் கடல்காற்று ஏறும், மாட்டாவிட்டால் அறைந்துவிடும். சிலம்பு செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரமாட்டான். செருப்பின் வார் இறுக்கம். குனிந்து கழற்றும்போது இடது கையைக் கதவின் கீல் பக்கத்து நிலையில் ஊன்றிக்கொள்வான். தினமும் அப்படித்தான்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு யூஜின் கேபிள் வாங்கப் போயிருந்தான். நான் கொக்கியைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். சிலம்பு வந்தான். "வந்துட்டேன் மாஸ்டர்" என்றான். குனிந்தான், கையை ஊன்றினான். நான் தள்ளினேன். பாரமான கதவு. தோளையும் கொடுக்க வேண்டியிருந்தது.

சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இடது கையில் இரண்டு விரல்கள் முழுதாகப் போயின. மூன்றாவது பாதி. என் சட்டையைக் கழற்றி நான்தான் கட்டினேன். ஆட்டோவில் அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காற்று அறைந்துவிட்டது என்று சொன்னேன், அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவன் அம்மா தனக்கொடி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமி மாதிரி வந்து புள்ளைய காப்பாத்துனீங்க." நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் தினமும் கஞ்சி கொண்டுபோனேன். மெரின் வைத்துக்கொடுத்த கஞ்சி. அவனை ஒரு மனிதனாக நான் வெறுத்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிடங்குக்குப் போனேன். உள்ளே டிரம்ஸ் கேட்டது. சிலம்பு சைக்கிள் டியூப்பைக் கிழித்து இடது கையோடு குச்சியைச் சேர்த்துக் கட்டியிருந்தான். அந்தக் கை இப்போது மெதுவாகத்தான் எழும். முன்பு நான்கு அடி விழுந்த இடத்தில் ஒன்றுதான் விழுகிறது. அது இன்னும் தள்ளி விழுகிறது. யூஜின் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான், கன்னத்தில் ஈரம். நான் வாசலில் நின்றேன். மேடம், நான் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கால் ஆடியது.

யூஜின் டீ சொல்ல வெளியே போனான். நான் சிலம்புவிடம் போய், "அது காத்து இல்ல. நான்தான்" என்றேன். என் காலின் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அவன் டியூப்பை இறுக்கிக்கொண்டே, "தெரியும்" என்றான்.

"எப்படி?"

"குனிஞ்சிக்கினு இருந்தேன். ஒங்க காலு முன்னால வந்ததைப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

அப்போதுதான் நிமிர்ந்தான். "சொன்னா உங்களைக் கொண்டு போயிடுவாங்க. ஆர்கனுக்கு எவனைத் தேடுறது? மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனைக்காதீங்க மாஸ்டர். எங்கம்மா ஒங்க கையப் புடிச்சி அழுதுச்சே, அதை நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். அது வேற. இது வேற. ஒக்காருங்க, மூணாவது எடுக்கலாம்."

உட்கார்ந்தேன். வாசித்தேன். அந்த இடம் வந்ததும் அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். கையை எடுங்கள் என்று. எடுத்தேன்.

மூன்று நாள் யோசித்தேன். கையில்லாதவன் ஒருவன் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, எங்கே வாயை மூட வேண்டும் என்றும் காட்டுகிறான். நான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவன். அவன் பிச்சையில் என்னால் வாசிக்க முடியாது. அதனால் ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் அனுப்பவில்லை, மனசாட்சி என்றெல்லாம் எழுத வேண்டாம். காற்று என்று இருப்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள், ஆரோன் என்று தெளிவாக. கொக்கியைக் கழற்றியது நான், தள்ளியது நான்.

எத்தனை வருடம் கொடுப்பார்கள் என்று எனக்குக் கவலையில்லை. அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கிடங்கில் நான் இல்லாமல் என்ன வாசித்துவிடுவார்கள் என்று பார்க்கத்தான் போகிறேன்.